கரையேறும் நேரத்தை முதலில் குறியுங்கள்

அதிகாலையில் சிறு படகில் மீனுக்கும் நண்டுக்கும் கிளம்பும் இரண்டு நண்பர்கள் முதல் நாள் இரவு பேசிக்கொள்வது பெரும்பாலும் எத்தனை மணிக்கு எழுவது என்பதைத்தான். அலாரம் மூன்றுக்கா நான்குக்கா, தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரலில் இருந்து பைக்கில் ஆற்றுமுகம் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும், இரைக்கு வாங்கிய சாளை கெடாமல் இருக்குமா என்று பேச்சு நீளும். எத்தனை மணிக்குக் கரையேறுவது என்ற கேள்வி மட்டும் அதில் வருவதில்லை. மீன் கடிக்கிற வரை இருப்போம், வெயில் ஏறினால் திரும்புவோம் என்பதோடு அது முடிந்துவிடும். கரையேறும் நேரம்தான் முதலில் குறிக்கப்பட வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். எந்த நாள் போவது, எந்தத் துறையில் இறங்குவது, எத்தனை நண்டு வளையம் போடுவது, எந்த மணிக்கு எழுவது ஆகிய எல்லாம் அந்த ஒரு நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வர வேண்டியவை. இது எச்சரிக்கைக்காக மட்டும் சொல்லும் விதி என்று எண்ண வேண்டாம். இப்படித் திட்டமிடுகிறவர்களுக்கு நண்டும் மீனும் கூடுதலாகவே கிடைக்கும். அதற்கான காரணம் காற்றிலும் நீரோட்டத்திலும் நண்டின் பழக்கத்திலும் இருக்கிறது.

இடத்திலிருந்து தொடங்குவோம். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அதன் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். அங்கே வடகாலும் தென்காலும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் ஏரலுக்கு வருகிறது. ஏரலைத் தாண்டி, முக்காணி, ஆத்தூர் வழியாகக் கிழக்கே போகப்போக, மழைக்காலம் நீங்கலாக மற்ற மாதங்களில் ஆற்றைவிடக் கடலின் கைதான் ஓங்கியிருக்கும். மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழத் தாழ உப்புநீர் மேலே ஏறும். தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராகக் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு 2010-ல் நீதிமன்றத்தில் நின்று வாதாடியது எவ்வளவு பெரிய காரியம் என்பது, வாழைத் தோட்டத்துக் கிணறு உப்பாகிப் போனவர்களுக்குத் தெரியும். படகில் இறங்குகிறவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிது. இது பெயருக்கு ஆறு. ஆனால் ஆண்டின் பெரும்பகுதியில் கடலின் கடிகாரப்படி நடக்கும் நீர். மேற்கிலிருந்து கிழக்கே மட்டுமே ஓடும் என்று நம்பி இறங்கினால், திரும்பும்போது கணக்குத் தவறும்.

இந்த முகத்துவாரம் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ விவரித்த காயல் துறைமுகம், இப்போதைய பழையகாயல் பகுதி. அதுவும் கடற்கரையைப் பிரிந்துவிட்டது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் காலத்தில் புன்னைக்காயல் எழுந்தது. அங்கேதான் யேசு சபைத் துறவி அன்றிக்கே அடிகளார் 1586-இல் தமிழ்ப் புத்தகம் அச்சிட்டார். ஆறு கொண்டுவந்த வண்டல் மூன்று துறைமுகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே நகர்த்தியிருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் பெரிதாக நடந்த அதே வேலை ஒவ்வொரு மழைக்காலத்திலும் சிறிதாக நடக்கிறது. போன வருடம் ஆள் ஆழம் இருந்த கால்வாயில் இந்த வருடம் முழங்கால் தண்ணீர் இருக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஏரல் ஊருக்குள் தண்ணீர் புகுந்தது, ஆற்றுப் பாலம் சேதமாகிப் போக்குவரத்து நின்றது. அப்படி ஒரு வெள்ளம் போன பாதையில் பழைய அடையாளங்களை நம்பிப் படகு விடக் கூடாது. கரையில் வலை காயப்போடும் அண்ணாச்சி ஒருவரிடம், கால்வாய் இப்போது எந்தப் பக்கம் ஓடுகிறது, திட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று முந்தின நாள் பகலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கைபேசி வரைபடத்தில் அந்தத் தகவல் கிடைக்காது.

இப்போது காற்றுக்கு வருவோம், ஏனென்றால் கரையேறும் நேரத்தைக் காற்றுதான் முடிவு செய்கிறது. இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்கிறது. அதனால் பின்னிரவிலும் விடியற்காலையிலும் கரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும், அல்லது காற்றே இருக்காது. வெயில் ஏறி நிலம் சூடானதும் இது புரண்டு, முற்பகலில் கடற்காற்று எழும். மாசி, பங்குனி மாதங்களில், அதாவது வாடைக்காற்று ஓய்ந்து, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தொடங்காத இடைவெளியில், இந்தத் தினசரி மாற்றம் மிகத் தெளிவாகத் தெரியும். விடியும்போது கண்ணாடிபோல் கிடந்த நீர் பத்து, பதினொரு மணிக்குச் சிற்றலையால் நிறைந்துவிடும். துடுப்புப் படகில் இரண்டு பேர் அமைதியாக வேலை செய்வதற்கு உள்ள ஜன்னல், பின்னிரவிலிருந்து காலை ஒன்பது மணி வரைதான். அதிகாலைப் பயணம் என்று வைத்ததன் உண்மையான பொருள் அதுவே. விடியலின் அழகு கூடக் கிடைக்கும் வரவு, அவ்வளவுதான்.

ஆனி முதல் புரட்டாசி வரை நிலைமை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகக் கச்சான் பாய்ந்து வரும். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதற்குக் காரணமான அதே காற்று ஆற்றின் வழியே கிழக்கே இறங்கும். இங்கே ஒரு தோற்ற மயக்கம் உண்டு. காற்று கரையிலிருந்து வீசுவதால் கரையோர நீரில் அலையே எழாது. பார்ப்பவருக்கு நல்ல நாள் போலத் தெரியும். ஆனால் நூறு மீட்டர் தள்ளிப்போன படகை அந்தக் காற்று கடலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். போகும்போது துடுப்புக்கு வேலையே இல்லை, திரும்பும்போது தோள் இற்றுப்போகும். கரையை நோக்கி வீசும் காற்று நனைக்கும், பயமுறுத்தும், ஆனால் கடைசியில் கரையில் கொண்டுவந்து போடும். கரையிலிருந்து வீசும் காற்றுக்கு அந்த இரக்கம் கிடையாது. ஆகவே கச்சான் மாதங்களில் கரையேறும் நேரம் ஒன்பது மணி அல்ல, அநேகமாக ஏழு மணி. விடியும்போதே மர உச்சிகள் ஆடிக்கொண்டிருந்தால், அன்று படகைக் கட்டவிழ்க்காமல் இருப்பதே சரி.

அடுத்தது ஏற்றமும் வற்றமும். இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மன்னார் வளைகுடாவில் கடல் ஏறி இறங்கும் அளவு மிகச் சிறியது. தூத்துக்குடியில் அமாவாசை, பௌர்ணமிக் காலத்தில்கூட அது ஒரு மீட்டருக்குள்தான். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதில் பாதிகூட இராது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குவதோடு ஒப்பிட்டால் இதைப் பொருட்படுத்த வேண்டுமா என்று கேட்கலாம். திறந்த கடலில் ஆழமான படகில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி பொருந்தும். கழிமுகத்தில் பொருந்தாது. ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள கால்வாயில் அரை மீட்டர் குறைவது மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போய்விடுவது. போகும்போது மிதந்து கடந்த திட்டு, வரும்போது படகின் அடியைப் பிடித்துக்கொள்ளும். அதோடு, அகன்ற காயலில் பரந்து கிடக்கும் நீர் முழுவதும் குறுகிய முகம் வழியே வெளியேற வேண்டியிருப்பதால், மட்டம் கொஞ்சமே மாறினாலும் முகத்தருகே ஓட்டம் வேகமாக இருக்கும். அரை மீட்டர் வற்றம் இரண்டு பேர் துடுப்பு போட்டும் படகு நகராத அளவுக்கு இழுத்துவிடும்.

காற்றும் வற்றமும் எதிரெதிரே மோதும் இடம் முகத்துவாரம். வெளியேறும் நீர் கிழக்கே ஓட, முற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்து அலையைத் தள்ள, இரண்டும் மணல்திட்டின் மேல் சந்திக்கும்போது அலைகள் நெருங்கி, செங்குத்தாகி, உடையும். அரை மணி நேரத்துக்கு முன் தாராளமாகக் கடந்த இடத்தில் படகு குப்புறக் கவிழ இதுவே போதும். இந்த நூலை வைத்துக்கொண்டு கற்றுக்கொள்கிற இருவருக்கு என் பரிந்துரை வெளிப்படையானது: முகத்துவாரத்தைத் தாண்டாதீர்கள். பழையகாயல், புன்னைக்காயல் பக்கத்து ஓடைகளிலும் அலையாத்திக் காட்டு ஓரங்களிலும் இரண்டு பேர் ஒரு காலைப்பொழுதில் பிடிக்கக்கூடிய அளவுக்கு மேலேயே நண்டும், மடவையும், கிழங்கானும், அதிர்ஷ்டம் இருந்தால் கொடுவாவும் செப்பிலியும் இருக்கின்றன. கடலுக்குள் போனால்தான் மீன்பிடிப்பு என்ற எண்ணம் சிறு படகுக்காரருக்குத் தேவையற்ற சுமை.

ஏற்ற வற்றத்தைக் கணக்கிடுவது கடினமில்லை. ஓர் ஏற்ற உச்சத்திலிருந்து வற்ற அடிமட்டத்துக்கு ஏறக்குறைய ஆறே கால் மணி நேரம். ஒவ்வொரு நாளும் அதே நிலை சுமார் ஐம்பது நிமிடம் தள்ளி வரும். வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதி பார்த்தால் ஓட்டத்தின் வலிமை தெரிந்துவிடும்: அமாவாசை, பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாட்களில் ஓட்டம் மிக அதிகம், அஷ்டமி, நவமியை ஒட்டி மிகக் குறைவு. நேரத்துக்குத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையைப் பாருங்கள். ஆனால் அது துறைமுகத்தின் நேரம். உப்பங்கழியின் உள்ளே நீர் ஏறி வரத் தாமதமாகும், எவ்வளவு தாமதம் என்பது இடத்துக்கு இடம் மாறும். படகு கட்டும் துறையில் ஒரு கம்பை நட்டுக் கோடு போட்டு வைத்து, இரண்டு மூன்று நாள் பார்த்தால் உங்கள் துறைக்கான தாமதம் கையில் வந்துவிடும். இதற்குப் பிறகு விதி ஒன்றுதான். திரும்பி வரும் வழி ஓட்டத்தோடு இருக்க வேண்டும். காலையில் ஏற்றம் என்றால், ஆற்றின் மேல்பக்கத் துறையில் இறங்கி, கீழே போய் வேலை செய்து, ஏறும் நீரோடு திரும்புங்கள். காலையில் வற்றம் என்றால், கீழ்த்துறையில் இறங்கி, முதலில் மேலே போய், இறங்கும் நீரோடு வாருங்கள். இரண்டாவது வகையில் ஒரு கூடுதல் கவனம்: கரையேறும் இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே கரையை ஒட்டிவிட வேண்டும், நங்கூரம் கயிறோடு தயாராகப் படகின் முன்பக்கம் இருக்க வேண்டும். துறையைத் தவறவிட்டால் அடுத்து இருப்பது முகத்துவாரம்.

நண்டு இந்தக் கணக்கோடு அழகாக ஒத்துப்போகிறது. கழிமுகச் சேற்றில் வாழும் பெரிய பச்சை நண்டு, பகலில் வளைக்குள்ளோ சேற்றில் புதைந்தோ கிடந்து, இருட்டிய பிறகு இரை தேடுகிறது. ஏறும் நீரோடு அலையாத்தி வேர்களுக்கிடையே போய்ப் பொறுக்கித் தின்கிறது. வெளிச்சம் வந்ததும் அடங்குகிறது. எனவே நண்டு வேலை விடிவதற்கு முன்னும், மீன் வேலை விடிந்த பின்னும் என்று வரிசைப்படுத்துவதே இயல்பு. இதை மாற்றி, விடிந்தபின் நிதானமாக நண்டு பார்க்கலாம் என்று நினைப்பவர்தான் பதினொரு மணி வரை நீரில் இருந்துவிட்டு வெறுங்கூடையோடு எதிர்காற்றில் வருகிறார். இரும்பு வளையத்தில் சிறு வலை கட்டி, நடுவில் இரையை இறுகக் கட்டி, கயிறும் மிதவையும் போட்ட வளையங்கள் இரண்டு பேருக்கு ஆறு முதல் எட்டு போதும். இரைக்குச் சாளை நல்லது, கோழிக்குடலும் உதவும். நாற்றம் எடுத்துப் பிசுபிசுத்த இரையை நண்டு விரும்பும் என்ற பேச்சு பரவலாக உண்டு, ஆனால் புது இரையின் இரத்தமும் எண்ணெயும்தான் நீரில் நன்றாகப் பரவும். பரவுவதற்கு ஓட்டம் வேண்டும். ஏற்றமும் இல்லாமல் வற்றமும் இல்லாமல் நீர் நிற்கும் வேளையில் மணம் போய்ச்சேராது, நண்டும் வராது. அந்த வேளையை இரை மாற்றவும் தேநீர் குடிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் இருக்கும்போது ஒவ்வொரு வளையத்தையும் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்குங்கள். தூக்கும்போது கயிறு ஒரு நொடிகூடத் தளரக் கூடாது. வலை தொய்ந்த கணத்தில் நண்டு பக்கவாட்டில் இறங்கிவிடும்.

கூண்டு வைத்தால் இரவு முழுவதும் விட்டுவிட்டு விடியும்போது எடுக்கலாமே என்பது சரியான கேள்விதான். கூண்டு உழைப்பைக் குறைக்கும். ஆனால் ஓட்டத்தில் இழுத்துப்போய்த் தொலைந்த கூண்டு, அடியில் கிடந்தபடி மாதக்கணக்கில் நண்டுகளைப் பிடித்துப் பட்டினிபோட்டுக் கொல்லும். செத்த நண்டே அடுத்த நண்டுக்கு இரையாகும். கூண்டுதான் வேண்டும் என்றால், கதவை நைலானால் கட்டாமல், நீரில் இற்றுப்போகும் சணல் கயிற்றால் கட்டுங்கள். தொலைந்தாலும் சில வாரத்தில் திறந்துகொள்ளும்.

இப்போது நண்பரைப் பற்றி. ஒருவர் தனியாகவும் வளையம் தூக்கலாம், பலர் தூக்குகிறார்கள். இருந்தாலும் இந்த நூல் இரண்டு பேரையே கணக்கில் வைக்கிறது. வளையத்தைத் தூக்குபவரின் உடல் ஒரு பக்கம் சாய்கிறது, அதே நேரத்தில் ஓட்டம் படகைப் பக்கவாட்டில் திருப்புகிறது. ஒருவர் கம்பை ஊன்றியோ துடுப்பால் தாங்கியோ படகின் முகத்தை ஓட்டத்துக்கு எதிராக வைத்திருந்தால்தான் மற்றவர் இரண்டு கையாலும் தடையின்றி இழுக்க முடியும். நண்டைக் கட்டும்போதும் அப்படியே. விளக்கைப் பிடிக்க ஒரு கை, நண்டின் பின்பக்கத்தை அமுக்கிப் பிடிக்க ஒரு கை, கொடுக்குகளை மடக்கிக் கயிறு சுற்ற இரண்டு கை வேண்டும். பச்சை நண்டின் கொடுக்கு விரல் எலும்பை நொறுக்கக்கூடியது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பதில்லை, இருவரும் ஒரே பக்கம் குனிவதில்லை என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். இவற்றைவிட முக்கியமான இன்னொரு காரணம் உண்டு. மீன் கடித்துக்கொண்டிருக்கும்போது கிளம்ப மனம் வராது என்பது எல்லோருக்கும் பொது. தனியாள் தன்னோடுதான் வாதாட வேண்டும், அந்த வாதத்தில் ஆசையே வெல்லும். இரண்டு பேர் இருந்தால், கரையில் குறித்த நேரத்தை ஒருவர் மற்றவருக்கு நினைவூட்ட முடியும். அதற்கு முன்னேற்பாடு வேண்டும்: போகலாம் என்று யார் சொன்னாலும் போக வேண்டும், இருக்கலாம் என்பதற்கு இருவரும் ஒப்ப வேண்டும். நட்பில் மூத்தவர், படகுக்குச் சொந்தக்காரர் என்ற மரியாதைகள் இதில் குறுக்கே வரக் கூடாது.

மீன் மிக நன்றாகக் கடிப்பதே நீங்கள் கிளம்பச் சொல்லும் நேரத்தில்தானே என்று அனுபவமுள்ளவர்கள் கேட்பார்கள். சில நாட்களில் அது உண்மைதான். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் வற்றத்தின் முதல் மணி நேரமும் கழிமுகத்தில் மீன் நடமாட்டம் மிகுந்த வேளை. மடவைக் கூட்டம் நீரோடு ஓரங்களுக்கு ஏறும், அதைத் துரத்திக் கொடுவா வரும். அட்டவணையில் ஏற்ற உச்சம் பதினொரு மணிக்கு விழும் நாளில் அந்த வேளை காற்று எழும் நேரத்தோடு மோதும். அதற்கு விடை, அதிக நேரம் இருப்பது அல்ல. வேறு நாளைத் தேர்ந்தெடுப்பது. உச்சம் தினமும் ஐம்பது நிமிடம் தள்ளிப்போவதால், ஒரு பக்ஷத்தில் மூன்று நான்கு நாட்கள் அது விடியலுக்கும் ஒன்பது மணிக்கும் இடையே விழுந்தே தீரும். அந்த நாட்கள்தான் உங்கள் நாட்கள். விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது என்பதற்காக நீரும் காற்றும் ஒத்துழைக்காது. கரையேறும் நேரத்திலிருந்து திட்டமிடுகிறவருக்கு மீன் கூடக் கிடைக்கும் என்று முன்னே சொன்னதன் பொருள் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முத்துக்குளித்துறையின் கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகாத ஓய்வுநாள். வெளியூரிலிருந்து பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்கோ அதுவே வசதியான நாள். அன்று நீர் காலியாக இருப்பது நல்லது என்று தோன்றலாம். உண்மையில் பக்கத்தில் இன்னொரு படகு இல்லாத நாள் அது. தொழில் செய்கிறவர்கள் நேரம் காலம் பார்க்காமல் போகிறார்களே, நமக்கு மட்டும் ஏன் இத்தனை கணக்கு என்பவர்களுக்கும் இங்கேதான் பதில். அவர்கள் நேரம் பார்க்காமல் போவதில்லை. நீவாடு என்னும் நீரோட்டத்தையும் காற்றின் நிறத்தையும் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதால் அந்தக் கணக்கு நமக்குத் தெரிவதில்லை. அதற்கும் மேலாக, அவர்கள் பல படகுகளாகப் போகிறார்கள், ஒன்று திரும்பாவிட்டால் மற்றது தேடும். இவ்வளவு துணை இருந்தும் 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரிக் கரையின் மீனவர்கள் பலரைக் கொண்டுபோனது. அந்தத் துணை இல்லாத இரண்டு பேர் தங்கள் நேரத்தைத் தாங்களே குறுக்கிக்கொள்வதுதான் நியாயம். மோட்டார் பொருத்திவிட்டால் ஓட்டமும் காற்றும் பொருட்டல்ல என்பதும் அரைகுறை உண்மை. ஆழம் குறைந்த ஓடையில் விசிறியில் வலைத்துண்டோ பாசியோ சுற்றுவது சாதாரணம், அப்போது மிஞ்சுவது துடுப்புதான். மோட்டார் வைத்திருப்பவரும் துடுப்பில் திரும்பக்கூடிய தூரத்துக்குள் இருக்கட்டும்.

கையோடு எடுத்துப்போக வேண்டியவற்றில் இரண்டைத்தான் வற்புறுத்துவேன். ஒன்று, லைஃப் ஜாக்கெட். படகில் வைத்திருந்தால் போதாது, இறங்கும் முன்பே உடலில் இருக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவர் என்பது இருட்டில், உடுப்போடு, ஓட்டத்தில் விழுந்தவருக்கு அதிகம் உதவாது. இரண்டு, நல்ல பிளாஸ்க்கில் வெந்நீர். கெளுத்தியின் முள்ளோ திருக்கையின் வால்முள்ளோ குத்தினால், தாங்கக்கூடிய சூட்டிலுள்ள நீரில் அந்த இடத்தை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பது வலியைத் தணிக்கும். பிறகு மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். கைபேசியை நீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள். கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்களை இருவர் கைபேசியிலும் சேமித்து வையுங்கள். வீட்டில் ஒருவரிடம் கரையேறும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவது இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. ஒன்பது மணிக்குக் கரையேறுவோம், பத்துக்குள் போன் வராவிட்டால் ஆள் அனுப்பு என்று சொன்னால் தேடுகிறவருக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும். மதியத்துக்குள் வந்துவிடுவோம் என்று சொல்லிப் போனவரை எப்போது தேடத் தொடங்குவது?

சில நாட்களில் போகவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் நீர் திறக்கும் அறிவிப்பு வந்தால், ஏரலில் மழையே பெய்யாவிட்டாலும் ஆறு இரண்டு கரையும் தொடும். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்த நாளும் அப்படித்தான். தெற்கே வெகுதூரத்தில் எழுந்த பேரலை, இங்கே காற்றே இல்லாத நல்ல வெயிலில் வந்து அடிக்கும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அத்தகைய எச்சரிக்கை இருந்த நாளில்தான். உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத காரணத்தால் வரும் ஆபத்து என்பதால், அன்று அனுபவத்தை நம்பக் கூடாது, அறிவிப்பை நம்ப வேண்டும்.

பிடித்ததில் எதை வைத்துக்கொள்வது என்பதும் நேரக் கணக்கோடு சேர்ந்ததே. கடைசியில் கரைக்கு வந்து பிரித்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் கூடையில் போட்டால், குஞ்சு நண்டுகள் பெரியவற்றின் கொடுக்கில் நசுங்கிச் செத்திருக்கும். ஒவ்வொரு வளையம் தூக்கும்போதும் அங்கேயே பாருங்கள். வயிற்று மடல் குறுகி முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். மடலுக்கு வெளியே முட்டைத்திரள் தெரியும் பெண்ணை, எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த இடத்திலேயே விடுங்கள். பச்சை நண்டின் பெண் முட்டை பொரிக்கக் கடலுக்குப் போகிறது, குஞ்சுகள் மறுபடி கழிமுகத்துக்கு வருகின்றன. முகத்துவாரத்தருகே பிடிபடும் தாய் நண்டு ஒன்று, பல லட்சம் முட்டைகளோடு அந்தப் பயணத்தில் இருக்கிறது. ஓட்டின் அகலம் 10 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பவற்றையும் விட்டுவிடுங்கள், படகின் விளிம்பில் அந்த அளவுக்கு இரண்டு கோடு கீறி வைத்தால் இருட்டில் யோசிக்க வேண்டியதில்லை. நிலாக் காலத்து நண்டில் சதை இராது என்ற நம்பிக்கையை வைத்துக் கொள்முதல் செய்பவர் பலர். சதையை முடிவு செய்வது நண்டு எப்போது ஓடு கழற்றியது என்பதே. அடிப்பக்க ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், நெகிழ்ந்து கொடுத்தால் உள்ளே பெரும்பாலும் நீர்தான். அதையும் விட்டுவிட்டால் சில வாரத்தில் நிறைந்த நண்டாகிவிடும். மிதவை போட்ட பிறர் வலையையும் கூண்டையும் தொடாதீர்கள். கடல்குதிரையோ கடல் அட்டையோ ஆமையோ தட்டுப்பட்டால் உடனே நீரில் விடுங்கள், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் அவற்றைக் காக்கிறது.

எல்லாவற்றையும் ஒரு நாளில் பொருத்திப் பார்ப்போம். மாசி மாதம், உங்கள் துறையில் ஏற்ற உச்சம் காலை எட்டரை மணி என்று வைத்துக்கொள்வோம். காற்று பத்துக்கு எழும், எட்டரைக்கு மேல் நீர் வற்றத் தொடங்கும், அதனால் கரையேறும் நேரம் எட்டரை. ஏறும் நீரோடு திரும்ப அரை மணி நேரம் தேவை என்றால், கீழே இருந்து எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். சூரியன் ஆறரையை ஒட்டி எழும், ஆக ஆறரையிலிருந்து எட்டு வரை தூண்டில். அதற்கு முன் வளையங்களை ஏழெட்டுச் சுற்று தூக்க இரண்டு மணி நேரம், போட்டு முடிக்க அரை மணி, கீழே இறங்க ஓட்டத்துக்கு எதிராக முக்கால் மணி. படகு மூன்றேகாலுக்கு நகர வேண்டும். ஏரலில் இருந்து துறைக்கு வரும் நேரத்தையும், இருட்டில் பொருட்களை ஏற்றும் நேரத்தையும் கழித்தால், அலாரம் இரண்டு மணிக்கு. அது மிகச் சீக்கிரம் என்று இருவரில் ஒருவருக்குத் தோன்றினால், வளையங்களை எட்டிலிருந்து ஐந்தாகக் குறைத்து இரண்டு சுற்றை விட்டுவிடுங்கள், அல்லது நாளைத் தள்ளிப்போடுங்கள். எட்டரையை மட்டும் ஒன்பதரையாக்காதீர்கள்.